நாய் என்ன ஆச்சு

படம் விட்டு வெளியே வந்தபோது மணி பதினொன்று.
ஜூலைக் குளிர். மொந்தேவிதியோவில்
ஆறு தன்னைக் கடல் என்று நினைத்துக்கொண்டு
சுவரில் மோதுகிற மாதம்.
காரில் போயிருக்கலாம்தான்.
ஒராசியோவிடம் இருப்பது பஸ். அதையும் மாலையே
டிப்போவில் விட்டுவிட்டு வந்திருந்தான்.
கரையோரச் சுவரில் உட்கார்ந்தோம்,
வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல.
நூபியா வேலை முடிந்து நேரே அங்கே வந்து சேர்ந்தாள்.

பிளாஸ்க் திறந்தது.
சுரைக்குடுவை நிறைய மாத்தே இலை,
உலோகக் குழல் ஒன்று, வாய் நாலு.
குடுவை யார் கையிலோ அவர் பேச முடியாது.
திருப்பிக் கொடுக்கும்போது நன்றி சொன்னால்
'எனக்குப் போதும்' என்று அர்த்தம்,
அடுத்த சுற்றில் உங்களுக்குக் கிடையாது.

"அந்த மலைப்பாதையில பஸ் ஏறுதே," என்றான் ஒராசியோ,
"அது ரெண்டாவது கியர் சத்தமே இல்ல.
அங்கேயே எனக்குப் படம் போச்சு."

ஹிமேனா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள்.
"வெறும் வயித்துல அந்த மாத்திரையை எவன் கொடுப்பான்?
ஹீரோ செத்தது காதலால இல்ல,
அல்சரால."
சிரித்ததில் என் மடியெல்லாம் இலைத்தூள்.

"கதையெல்லாம் வேண்டாம்," என்றாள் நூபியா.
"போஸ்டர்ல ஒரு நாய் இருக்கே.
அது என்ன ஆச்சு? அதை மட்டும் சொல்லுங்க."
இறைச்சி ஆலையில் பகலெல்லாம் மாட்டைக் கூறு போடுகிறவள்.
திரையில் ஒரு நாய்க்குட்டி தும்மினால் தாங்கமாட்டாள்.

"படகுல ஏறிடுச்சு."
"ஏறல. கரையில நின்னு குரைச்சுது."
"குரைக்கல."
"குரைச்சுது! அந்தக் கறுப்பு நாய்தானே?"
"கறுப்பா? பழுப்புடீ அது."
ஒரே படம். ஒரே வரிசை.
பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
"நீ சொல்லு. கண்ணு கொட்டாமப் பார்க்கிறவ நீதானே."

நல்லவேளை, குடுவை என் கையில் இருந்தது.
தண்ணீர் தீர்ந்து குழல் கொரகொரக்கும்வரை உறிஞ்சினேன்.

இதை இங்கே மட்டும் சொல்கிறேன்.
கடைசி இருபது நிமிடம் நான் உள்ளேயே இல்லை.
கழிப்பறை வாசலில் நின்று போனில்
வீட்டு உரிமையாளரிடம் வாடகைக்கு
இன்னும் பத்து நாள் கேட்டுக்கொண்டிருந்தேன்.
கதவிடுக்கில் ஒரு வயலின் கேட்டது.
நான் பார்த்த கிளைமாக்ஸ் அவ்வளவுதான்.

"படகு போன பிறகு," என்று ஆரம்பித்தேன்,
"வலை தைக்கிறவன் ஒருத்தன் வருவானே, மறந்துட்டீங்களா?
தன் ரொட்டியில பாதியைப் பிட்டுப் போடுவான்.
நாய் மோந்துகூடப் பார்க்காது.
அவன் பாட்டுக்கு நடப்பான், திரும்பவே மாட்டான்.
நாய் பத்தடி தள்ளிப் பின்னாலேயே போகும்.
வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்துவான் பாரு,
முழுசாச் சாத்தமாட்டான்."

"ஆமா," என்றாள் ஹிமேனா. "ஐயோ ஆமா, அந்தக் கதவு!"
"அந்த ஒரு ஷாட்டுக்குக் காசு கொடுக்கலாம்," என்றான் ஒராசியோ.
"கியரைக்கூட மன்னிச்சிடலாம்."

நூபியா மப்ளரால் மூக்கைத் துடைத்தாள்.
"அப்போ சரி. வியாழக்கிழமை பாதி விலை. போறேன்."

வெள்ளி, சனி
அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.
எனக்கு வாடகைக் கவலை கொஞ்சம் குறைந்து
இந்தக் கவலை ஏறியிருந்தது.

ஞாயிறு, அதே சுவர், அதே காற்று.
"எப்படி இருந்துச்சு?"
"பரவாயில்ல," என்றாள்.
"அந்தக் கதவு?" ஒராசியோ விடவில்லை.

இந்த வாரம் பிளாஸ்க் நூபியாவிடம் இருந்தது.
அவசரமில்லாமல் வெந்நீர் ஊற்றினாள்.
என்னைப் பார்த்தாள்,
எடை போட்டுப் பழகிய கண்ணால்.

"இருந்துச்சே," என்றாள்.
"கொஞ்சம் திறந்துதான் இருந்துச்சு."

என் முறை இல்லை, ஆனாலும் குடுவை என்னிடம்தான் வந்தது.
நாக்கு சுட்டது. முழுதும் குடித்து
அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன்,
நன்றி சொல்லாமல்.