மண் மூடாமல்

ரிச்மண்ட் டவுனில் ஒரு வீட்டை
இடிப்பதற்கு முன் அளக்கப் போயிருந்தேன்.
அதுதான் என் வேலை.
சதுர அடி, தேக்குக் கதவு எத்தனை,
ஜன்னல் இரும்பு எத்தனை கிலோ தேறும்.
பின்புறம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி
ஒரு ஹைட்ராஞ்சியா.
எந்தக் கணக்கிலும் வராதது.
போன மழைக்குப் பூத்த கொத்துகள்
காகிதமாய்க் காய்ந்து அப்படியே நின்றன.
ஒன்றை ஒடித்து
அளவுநாடாப் பெட்டிக்குள் வைத்தேன்.
ஃபயாஸ் பார்த்தான், கேட்கவில்லை.
அவன் பையில் ஒரு பித்தளைக் கொண்டி இருந்தது.

இரவு வெள்ளைத் தாளில் உதிர்த்தபோது
பெரிய இதழ்களில் ஒன்றுமே இல்லை.
அவை இதழ்களே இல்லையாம்.
பந்தலுக்கு வெளியே கட்டிய சீரியல் பல்பு.
கல்யாணம் உள்ளே நடந்திருக்கிறது,
அடியில், யார் கண்ணிலும் படாத
குண்டூசித் தலைப் பூக்களில்.
ஒவ்வொன்றும் காய்ந்து
கடுகளவு செம்பாகி இருந்தது.
கவிழ்த்தேன்.
மூக்குப்பொடி கொட்டியது.

"இதுவா விதை?" என்று குனிந்தார் சிகாமணி.
அவர் கேட்ட மூச்சில்
பத்துச் செடி
சோபாவுக்கு அடியில் போய்விட்டது.

அன்றிலிருந்து மின்விசிறிக்குத் தடை.
முருகேஷ்பாளையா, மூன்றாவது மாடி, ஏப்ரல்.
தோசைமாவு டப்பாவில்
தேங்காய்நார்த் தூளை நனைத்து அழுத்தித்
தூவினேன்.
தூவியதும் கை தானாக மண் அள்ளப் போனது.
விதை என்றால் புதைக்க வேண்டுமென்று
கைக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.
இதற்கு ஆகாது,
வெளிச்சம் பட்டால்தான் விழிக்கும்.
திறந்தே விட்டேன்.
சலூன்காரர் தலைக்கு அடிக்கும் பீச்சுக்குழல் ஒன்று வாங்கி
காலையும் இரவும் புகையாய்க் கொஞ்சம் தண்ணீர்.

பன்னிரண்டாம் நாள் ஒன்றுமில்லை.
பதினேழாம் நாளும்.
இருபதாம் நாள் பச்சை!
அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.
இருபத்தைந்தாம் நாள் கண்ணாடி போட்டுப் பார்த்தால்
பாசி.
பாசிக்கு நடுவே
கூட்ட பஸ்ஸில் ஒற்றைக் காலில் நிற்பவர்கள்போல்
பதினொரு முளைகள்.
முளை என்றால் என்ன,
தண்டு வைத்த இரண்டு முற்றுப்புள்ளி.

பதினொன்று எட்டாயிற்று.
டேங்கர் தண்ணீர் ஊற்றிய வாரம் நான்கு.
ஓசூரில் ஒரு சாவுக்குப் போய் மூன்று நாள் தங்கியதில்
இரண்டு.
அதில் ஒன்றைப் பூனை படுத்து முடித்தது.

வீட்டுக்காரர் நஞ்சுண்டப்பா
தன் கார் மேல் சொட்டுவதைக் காட்டி
"ஹூ பருத்தேனம்மா?" என்றார்.
"பரபேக்கு சார்."
அந்த மாதம் வாடகை ஐநூறு ஏறியது.
இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்.

ரிச்மண்ட் டவுனில்
தொட்டி இருந்த இடத்தில் இப்போது
கார் இறங்கும் சரிவு.
அதன் அளவும் என் நோட்டில்தான் இருக்கிறது.

மூன்றாம் வருஷம் ஜூனில் மொட்டு.
தாய்ச்செடி என்ன நிறம் என்று கேட்காதீர்கள்,
நான் பார்த்தது காகிதத்தை.
போர்வெல் உப்புக்கு ரோஸ்தான் வருமென்றார்
நர்சரிக்காரர்.
வந்தது ரோஸ்தான்.
ஆனால் பந்தாக இல்லை.
தட்டையாக, ஒரு சாஸர்.
ஓரத்தில் அகலமாய் ஐந்து பூ,
நடுவெல்லாம் குண்டூசித் தலை.

"முழுசா விரியலையோ?" என்றார் சிகாமணி.
இரண்டு நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஒரு தேனீ
மூன்று மாடி ஏறி வந்து
ஓரத்துப் பூக்களைத் திரும்பியும் பாராமல்
நேரே நடுவில் இறங்கியது.

அவர் எழுந்துபோய்
மின்விசிறியை நிறுத்தினார்.
பால்கனியில் இருக்கும் தேனீக்கு
ஹாலில் ஓடும் விசிறி என்ன செய்யும்?
நான் கேட்கவில்லை.