காலி

ஞாயிறு காலை, பந்திங் கடைத்தெருவின் பட்டறை வாசலில்
தீமிதித் திருவிழாவுக்குத் தண்ணீர்த்தொட்டி வேண்டுமென்று
டீசல் டிரம் ஒன்றை உருட்டி வந்தார் வீரபத்திரன்,
செம்பனைத் தோட்டத்துக் கோயில் செயலாளர்.
லியோங் முகமூடியை இறக்கி, கேஸைத் திறந்தான்.
கையிலிருந்த தே ஓ பொட்டலத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"காலி டிரம்தானேம்மா" என்றார்.

காலி.
அந்தச் சொல்லை நம்பாமலிருக்கத்தான்
ஆறு வருஷமாய் எனக்குச் சம்பளம்.
சிப்பாங்கில் நிற்கும் விமானங்களின் இறக்கைக்குள்
முழங்கை தேய ஊர்ந்து போகிறவள் நான்.
குறைகுடம் கூத்தாடும் என்பார்கள்;
எங்கள் கொட்டகையில் அது வெடிக்கும்.
அடியில் ஒரு கை எண்ணெய்,
வெயிலில் எழும்பிய ஆவி, ஆவிக்குத் துணையாகக் காற்று.
நைந்த வயர் ஒன்று போதும். நைலான் சட்டை போதும்.

அதற்குத்தான் மயிரிழைக் குழல்களின் கட்டு ஒன்று
பறக்கப் பறக்கக் காற்றைச் சலிக்கிறது:
பிராணவாயுவை வெளியே தள்ளிவிட்டு
நைட்ரஜனைத் தொட்டிக்குள் ஊதுகிறது.
நெருப்பால் அங்கே மூச்சுவிட முடியாது.
என்னாலும்தான்.

ஆகவே மூடியைத் திறந்து, நல்ல காற்றை மணிக்கணக்கில் செலுத்தி,
மீட்டர் சம்மதித்த பிறகே என் தலை உள்ளே போகும்.
வெளியே சுல்ஹைமி இறக்கையை இரண்டு தட்டுவான்.
உள்ளிருந்து நான் இரண்டு.
ஒருநாள் பழைய பசையைச் சுரண்டும் மும்முரத்தில்
பதில் தட்ட மறந்துபோனேன்.
கணுக்காலைப் பிடித்து இழுத்தே விட்டான்.
சட்டை கிழிந்ததற்குக் கத்தினேன்.
அவன் கை நடுங்குவதைப் பிறகுதான் பார்த்தேன்.

இதையெல்லாம் வீரபத்திரனிடம் எங்கே சொல்வது?
கேஸை மூடச் சொல்லி,
ரப்பர் குழாயை இழுத்து டிரம்முக்குள் விட்டேன்.
"அறுக்கக் கொண்டுவந்தா ரொப்புறியே!"
தண்ணீர் ஏற ஏற
அந்தக் காலி வாய்வழியே வெளியேறியது,
கண்ணுக்குத் தெரியாமல், மூக்கைப் பிடிக்கவைக்கும் நெடியாக.
அவர் குனிந்து மோந்தார்.
காதில் செருகியிருந்த சுருட்டை எடுத்துச்
சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

விளிம்புவரை நிறைந்ததும், பழக்கதோஷம், இரண்டு தட்டினேன்.
செவிட்டுச் சத்தம்.
இதனிடம் மட்டும் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

"தீ வேணாம், உளியால வெட்டு."
லியோங் கெட்ட வார்த்தையில் ஏதோ சொன்னான், சீனத்தில்.
மதியம் மூன்றுவரை தெருவே காதடைத்துக் கிடந்தது.
ஒரு தே ஓ வாங்கித் தர யாருக்கும் தோன்றவில்லை.