முப்பது வரை எண்ணுதல்

ரானக் சதுப்பில் டிசம்பரில் மூன்றரைக்கே இருட்டு.
முக்காலியின் ஒரு கால் கரிமண்ணுக்குள்
இறங்கிக்கொண்டே போகிறது. மோராக்
பூட்ஸால் ஒரு கல்லை நகர்த்தி முட்டுக்கொடுக்கிறாள்.

எதிரே ஏழு பைன் மரங்கள். பட்டை உரிந்த எலும்பு நிறம்.
எப்போது செத்தவை?
ஊரில் ஆளுக்கொரு வருடம் சொல்கிறார்கள்.

ஷட்டரைத் திறந்து முப்பது வரை எண்ணவேண்டும்.
பன்னிரண்டில்,
மான் கணக்கெடுத்துத் திரும்பும் ஊஷ்டன்
மரங்களுக்கு முன்னால் வந்துவிட்டார், நாயோடு.
“கெடுத்துட்டேனா?”
“இல்ல. நிக்காதீங்க, நடந்துட்டே இருங்க.”

பின்னால் வந்து சிறு திரையில் குனிகிறார்.
தொப்பி இல்லை, தொலைநோக்கி இல்லை,
ஆளே இல்லை.
மரங்கள் துல்லியம்.
மூன்றாவதின் அடியில்,
காலைத் தூக்கி நின்ற இடத்தில்
நாய் மட்டும் பாதிப் புகையாக.

“அவனுக்குத்தான் அவசரமே கிடையாது” என்கிறார்.