மூன்றே முக்காலுக்கு

எஸ்ரா,
போதகர் சொல்லி அனுப்பவில்லை.
உன் அம்மாவும் கேட்கவில்லை.
நானாகத்தான் எழுதுகிறேன்,
கணக்கு நோட்டின் கடைசித் தாளில்.
கைப்பேசியில் அனுப்பினால்
நீல டிக் காட்டிவிட்டு
விளையாட்டுக்குத் திரும்பிவிடுவாய்.

வாலிபர் கூட்டம், சனிக்கிழமை நாலு மணி.
ரெங்கம் ரயிலடிக்குப் பின்னால்
செம்பனை லாரிகள் திரும்பும் முனையில்
தகரக் கூரை போட்ட அதே கூடம்தான்.
ஞாயிறு பள்ளியில் நோவாவின் பேழைக்கு
மஞ்சள் பூசிவிட்டு
'ஸ்கூல் பஸ், அக்கா' என்றாயே,
அந்தக் கூடம்.

பொய் சொல்லிக் கூப்பிட மாட்டேன்.
போன வாரம் நாங்கள் ஐந்து பேர்.
அதில் நிக்கோலஸ் கறிபாப்புக்காக வந்தவன்.
வாரா வாரம் அதற்காகத்தான் வருகிறான்,
ஒரு வாரமும் தவறியதில்லை.
கிட்டாரில் ஒரு கம்பி கிடையாது.
மின்விசிறி மூன்றாம் எண்ணில் மட்டும் சுற்றும்,
ஆதியாகமத்தைத் திறந்து வைத்தால்
அதுவே எபிரெயருக்குக் கொண்டுபோய்விடும்.
நானே முதலில் வந்தது வைஃபைக்காக.
கடவுச்சொல் ஒரு வசனம்.
ஏழெட்டுத் தடவை தப்பாக அடித்ததில்
மனப்பாடம் ஆகிவிட்டது.
எந்த வசனம் என்று இங்கே எழுத மாட்டேன்.

அன்றைக்கு மழை.
நம் ஊர் மழை தெரியுமே,
நாலு மணிக்கு நம்மைவிட ஒழுங்காக வரும்.
தகரத்தில் அது கொட்டிய சத்தத்தில்
ஒபேத் ஜெபித்தான்.
உதடு அசைந்தது. கை நடுங்கியது.
ஒரு சொல்கூட எங்களுக்குக் கேட்கவில்லை.
நீளமான ஜெபம்.
முடிந்ததா, மூச்சு வாங்குகிறானா என்று
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து
சரியான இடத்தில்தான் போல
ஆமென் என்றோம்.
என்ன கேட்டாய் என்று யாரும் கேட்கவில்லை.
நிக்கோலஸ்தான் தன் இரண்டாவது கறிபாப்பை
அவன் பக்கம் தள்ளி வைத்தான்.
நிக்கோலஸ், எஸ்ரா! யோசித்துப் பார்.

உன் அப்பா சிங்கப்பூரிலிருந்து
மூன்று சனிக்கிழமையாய் வரவில்லை.
சின்ன ஊர், தெரியாமல் இருக்காது.
மூடிக் கிடக்கும் கடிகாரக் கடையின் அஞ்சடியில்
நீ உட்கார்ந்திருப்பதை
சாவி வாங்கப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.
கண் விளையாட்டில் இருக்கிறது,
ஒவ்வொரு மோட்டார் சத்தத்துக்கும்
தலை மட்டும் நிமிர்கிறது.
அதைப் பற்றி உன்னிடம் பேச மாட்டேன்.
நீயாகப் பேசினால்,
மழை பெய்யாவிட்டாலும்
கேட்காதது மாதிரி இருக்கவும் எங்களுக்குத் தெரியும்.

'கடவுள் இருந்தா ஏன்' என்று தொடங்கும் கேள்வி
உன்னிடம் ஒன்றாவது இருக்கும்.
என்னிடம் நாலு இருந்தன.
ஒன்றைக் கேட்டேவிட்டேன்.
போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.
பிறகு, 'எனக்குத் தெரியலம்மா' என்றார்.
வீட்டில், பள்ளியில், டியூஷனில்
எந்தப் பெரியவரும் என்னிடம்
அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.
அன்றிலிருந்து
வைஃபை வெறும் சாக்கு.

வேதாகமம் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.
சட்டை மாற்ற வேண்டாம்.
அந்த அறுந்த சிலிப்பரோடு வா,
வாசலில் கழற்று, போதும்.
பாட வராது என்றால் பயப்படாதே,
ஐந்து கம்பிக்கு யார் பாடினாலும்
ஒரே மாதிரிதான் கேட்கும்.

இன்னொன்று.
இந்த மாதம் சாவி என் பொறுப்பு.
கூடத்துக் கதவு ஈரத்தில் ஊதிப்போய்
அடியில் இடிக்கிறது.
ஒரு பக்கம் தூக்கிப் பிடித்து
மறுபக்கம் தள்ளினால்தான் திறக்கும்.
தனியாளாகப் போராடி
போன வாரம் நகம் பிய்ந்தது.

அதனால் நாலு மணிக்கு வராதே.
மூன்றே முக்காலுக்கு வா.

கெசியா