அயலவர்: பூச்சியம்

நூறு வீதம் என்று எழுதியவன் நான்தான்.
பச்சையில், சற்றே தடித்த எழுத்தில்,
பக்கத்தில் ஒரு சரி அடையாளம்.
உட்துறைமுக வீதியில் இரண்டாம் மாடி அறை,
கீழே மிதவையும் நைலோன் கயிறும் விற்கும் கடை.
எழுதிவிட்டுப் போய் ரொட்டி தின்றேன்.

அதற்கு முதல் ஆறு நாள்
பிளாக்குகள் வந்தபடி இருந்தன.
முந்தியதன் முத்திரை பார்த்தே அடுத்தது அமரும்;
கரும்பு மாதிரி, கணு தாண்டாமல் வளர்ச்சி இல்லை.
இரவு பன்னிரண்டுக்குமேல் டேட்டா மலிவு,
அப்போது ஓடும்.
விடிந்தால் கொட்டாவி.
தொண்ணூற்றொன்பது தசம் எட்டில்
இரண்டு நாள் நின்றது.
நின்றது என்பது பிழை.
அதுவும் நடந்தது, எல்லைக்கல்லும் நடந்தது.
உள்துறையில் கோதுமைக் கப்பல்
நிற்கிறதா நகர்கிறதா என்று
ஜன்னலால் பார்த்துச் சொல்ல முடியாத மாதிரி.

அயலவர் என்று பெயர் வைத்ததும் நான்.
முகம் தெரியாத எட்டுப் பேர்,
ஒருவர் பின்லாந்தில், ஒருவர் சாவோ பாவுலோவில்.
யாரையும் நம்பத் தேவையில்லை,
சொல்வதைச் சரிபார்க்கலாம்.
சொல்ல ஆள் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

புதன்கிழமை கிண்ணியாவில் இருந்து ரிஸ்மியா எடுத்தாள்.
போன் திருத்தும் கடை வைத்திருக்கிறாள்,
என் திரையைப் பரீட்சித்துப் பார்க்க
ஒத்துக்கொண்ட ஒரே ஆள்.

“நூறு எண்டு கிடக்கு. பச்சையாத்தான் கிடக்கு.
நானா நேத்து அசருக்கே அனுப்பிட்டாராம்.
எங்க சல்லி?”

மாரி மழை. பாலத்தில் பஸ் ஊர்ந்தது,
இரண்டு பக்கமும் தண்ணீர், மேலேயும்.
போய்ப் பார்த்தால் ரௌட்டரில் சிவப்பு.
சிம்முக்குக் காசு முடிந்து மூன்றாம் நாள்.
திங்கள் பின்னேரம் நாலு பத்துக்குக்
கடைசி அயலவரும் எழும்பிப் போயிருக்கிறார்.
என் கணு அதற்குப் பிறகும் கணக்குப் பார்த்திருக்கிறது:
என்னிடம் இருக்கும் கடைசி இலக்கம்,
நான் கேள்விப்பட்ட கடைசி இலக்கம்.
ஒன்றை மற்றதால் வகு. ஒன்று.
நூறால் பெருக்கு.
கணக்கில் பிழையே இல்லை.
ஒருத்தரும் வந்து கதைக்காத வீட்டில்
ஊர்ப் புதினம் முழுக்கத் தெரிந்தவன்
வீட்டுக்காரன்தான்.

அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.
விளக்கம் சொல்லத் தொடங்கினேன்,
ஒத்திசைவு, உயரம், இணைப்பு.
அவள் ஒரு போனின் முதுகைக் கழற்றியபடி:
“எத்தின வீதம் எண்டு நான் கேட்டனா?
கடைசியா எப்ப ஆளோட கதைச்ச எண்டு போடுங்க.
அது போதும்.”

அன்றிரவு சரி அடையாளத்தை அழித்தேன்.
கொழும்பில் இருந்து குகபாலன் எழுதினார்:
சனத்துக்குப் பச்சை பிடிக்கும்,
காசு போட்டவர்களுக்கு அதைவிடப் பிடிக்கும்,
சொல்லத் தெரியாத இடத்தில்
சுழலும் வட்டம் ஒன்று வை.
என் அறை மின்விசிறியும்தான் சுழல்கிறது.
காற்று வேறு விஷயம்.

வைத்தது மூன்று வரி.
எம்மிடம் இருப்பது இத்தனையாம் பிளாக்.
அயலவர் இத்தனை பேர்.
கடைசிப் பிளாக் வந்து இவ்வளவு நேரம்.
அயலவர் பூச்சியமானால் முதல் வரி சாம்பலாகும்,
‘எங்களுக்குத் தெரிந்தவரை’ என்று
முன்னால் இரண்டு சொல் சேரும்.
அந்த இரண்டு சொல்லுக்கு இடம் பிடிக்க
மற்ற எழுத்தெல்லாம் சின்னதாயின.

வியாழன் அவள் சிம்முக்குக் காசு போட்டாள்.
அயலவர் ஒன்று. மூன்று. எட்டு.
மூன்று நாள் புதினம் மொத்தமாய் வந்து இறங்கியது,
நடுவில் எங்கோ நானாவின் சல்லியும்.
திரையைப் படம் பிடித்து அனுப்பினாள்,
ஒரு சொல் எழுதவில்லை.

இப்போது என் திரையில்
கடைசிப் பிளாக் வந்து ஒன்பது நிமிடம்.
பத்து நிமிடம் பேசாமல் இருப்பது அதன் வழக்கம்;
சில நேரம் நாற்பதும் ஆகும், குற்றமில்லை.
பதினோராவது நிமிடத்துக்கு
என்ன நிறம் கொடுப்பது?
கீழே கடைக்காரர் ஷட்டரை இழுக்கிறார்.
தண்ணீரில் நேற்றைய விளக்கு,
அல்லது வேறு கப்பல்.
பத்து.
அயலவர் எட்டு.
ஒருவர் போய், ஏழு.