அவன் வாயடைத்துப் போனான்

ஆயர் சொல்லிவிட்டார்:
முடிவில் எதிராளி வாயடைத்துப் போகவேண்டும்.
அப்போதுதான் அது வாதநூல்,
இல்லாவிட்டால் வெறும் பேச்சு.

நான் தென்ஹா, மோசூலில் திருத்தொண்டன்.
வரி கட்டியதற்குக் கழுத்தில் ஈய முத்திரை,
விரலில் மாசிக்காய் மையின் கறை.
ஒன்பது தாள் எழுதியாயிற்று.
பத்தாவதில் ஒரே ஒரு வரி பாக்கி.

எதிராளிக்கு நூலில் பெயர் கிடையாது.
இஸ்லாமியன் ஒருவன், அவ்வளவுதான்.
ஊரில் அவனுக்குப் பெயர் உண்டு.
ஹம்தூன். படகுப் பாலத்தருகே காகிதக் கடை.
இந்தப் பத்துத் தாளும் அங்கே வாங்கியவை,
அதில் இரண்டு கடன்.

சூரியனைச் சொன்னேன் அவனிடம்.
வட்டம், அதன் ஒளி, அதன் சூடு,
மூன்றையும் பிரித்துக் காட்டு பார்ப்போம் என்றேன்.
(நூலில் இந்த இடம் நன்றாக வந்திருக்கிறது.)
அவன் கட்டை அவிழ்த்துக்கொண்டே கேட்டான்:
"அன்றிரவு தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து
ஒருவர் மன்றாடினார் என்று நீதானே சொன்னாய்?
சூரியன் சூரியனிடம் மன்றாடுமா?"

பதில் இருந்தது என்னிடம்.
இரண்டு இயல்புகள். நானூறு வருஷப் பதில்.
சங்கம் சங்கமாய்க் கூடி
ஒருவரையொருவர் சபித்துச் சபித்துச் செதுக்கியது.
முழுக்கச் சொன்னேன்.
பொறுமையாகக் கேட்டுவிட்டு,
"அதனால்தான் ஒரே தெருவில் மூன்று கோயிலா?" என்றான்.
மூன்றிலும் மரப்பலகை தட்டுகிறார்கள்,
ஒன்றின் நேரம் இன்னொன்றுக்கு ஒத்துவருவதில்லை.

இது நூலில் இல்லை.

நானும் சும்மா விடவில்லை.
உங்கள் மறையிலேயே அவரை இறைவனின் வார்த்தை என்கிறீர்களே,
வார்த்தை இல்லாமல் இறைவன் என்றைக்காவது இருந்தானா?
தாள் எண்ணுவதை நிறுத்தினான்.
நாற்பத்து மூன்றா நாலா, மறந்துபோயிற்று,
முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.
அந்த நேரத்தை வேண்டுமானால் மௌனம் என்று எழுதலாம்.
எண்ணி முடித்ததும் பேசினான்:
"நான் விலை சொல்கிறேன்.
விலை நானாகிவிடுமா, தென்ஹா?"

சிலுவையில்தான் இருவரும் சத்தம் போட்டோம்.
"தன் தூதரை அவன் அப்படிக் கைவிடமாட்டான்.
நாங்கள் அவரைத் தப்பவைத்தோம்,
நீங்கள்தான் இன்னும் ஆணியில் வைத்திருக்கிறீர்கள்."
கொள்ளைநோய் வருஷத்தைச் சொன்னேன்.
தம்பியைப் புதைத்த மண் நகக்கண்ணில் இருக்க
தப்பிப்போனவரிடம் நான் எதைச் சொல்லி அழ?
அடிபட்டவரிடம்தானே போக முடிந்தது.
அது வாதமில்லை. எனக்கே தெரியும்.
அவனுக்கும் தெரிந்திருக்கவேண்டும்,
மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை.
பாங்கு கேட்டது.
கடையைப் பார்த்துக்கொள் என்று எழுந்து போனான்,
கல்லாவைப் பூட்டாமல்.
தொழுகை முடிந்து வருவதற்குள் இரண்டு கட்டு விற்றேன்.

நேற்று என் மேசைக்கெதிரே நின்று
எழுத்தைத் தலைகீழாய்ப் படித்தான்.
"கடைசியில் நான் வாயடைத்துப் போகிறேனாமே,
அது என்றைக்கு?"
உனக்குப் பல்வலி வந்த அன்றைக்கு என்றேன்.
வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு
மடியிலிருந்து ஒரு நூலை எடுத்துப் போட்டான்,
அவன் மைத்துனன் எழுதியது.
முடிவில் கிறிஸ்தவன் ஒருவன்
பதிலின்றித் தரையைப் பார்த்து நிற்கிறான்.
அதே கட்டுத் தாள்.
ஓரத்தில் அதே வைக்கோல் துணுக்கு.

ஆயருக்கு நாளை காலை பிரதி வேண்டும்.
எழுதிவிட்டேன்:
அவன் வாயடைத்துப் போனான்.
மை காய்கிறது.

அதன் கீழே வழக்கமாய் எழுதுவது:
படிப்பவர்களே, பாவி தென்ஹாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.
கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.
தாள் கொடுத்தவனுக்காகவும், என்று சேர்த்தேன்.
பெயர் போடவில்லை.
போட்டால் ஆயர் கேட்பார்,
அவனும் கேட்பான்.