பதினோராவது படி

குத்தாயிசியில், ரியோனி ஆற்றுக்கு இந்தப்பக்கம்,
எங்கள் கட்டடத்து லிஃப்ட்
காசு போட்டால்தான் அசையும்.
ஆகவே நடக்கிறோம்.
நாலாம் தளம் தாண்டி
ஐந்தாம் தளத்தைத் தொடும் கடைசிப் படி,
கீழிருந்து எண்ணினால் பதினொன்று,
மற்றவற்றைவிட ஒரு விரற்கடை உயரம்.

தையல்காரி நான்.
ஒருநாள் அங்கேயே குந்தி
கழுத்தில் கிடந்த டேப்பால் அளந்தேன்.
பதினைந்தரை, பதினைந்தரை, பதினைந்தரை...
பதினேழரை.
கால்சட்டையில் இவ்வளவு பிசகினால்
முகத்தில் வீசிவிட்டுப் போவார்கள்.
படியை யார் முகத்தில் வீசுவது?

கட்டியவனை நினைத்துப் பார்க்கிறேன்.
பொழுது சாய்ந்திருக்கும்.
கலவை இறுக ஆரம்பித்திருக்கும்.
கணக்கு உதைப்பது தெரிந்தும்
யார் பார்க்கப்போகிறார்கள் என்று
கரண்டியைக் கழுவியிருப்பான்.
அவன் நினைத்தது சரி. யாரும் பார்க்கவில்லை.
கண்ணுக்குத் தெரிகிற பிழையா அது?
காலுக்குத்தான் தெரியும்,
அதுவும் முகம் தரையைத் தொட்ட பிறகு.

தபால்காரர் லெரி ஒரு முன்பல்லை அங்கே விட்டுப்போனார்.
மின்கணக்கு எடுக்க வந்த பையன், மணிக்கட்டை.
முட்டைக்காரி முப்பது முட்டையை;
மஞ்சள் கரு மூன்று தளம் இறங்கியது.
கண்ணை எங்கே வைத்து நடக்கிறாய் என்றோம்.
விழுந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல்
எங்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.
ஆனை சறுக்கினால் அடியைத்தான் பேசுகிறோம்,
தரையைப் பேசுவதில்லை.

(விளக்குச் சுவிட்ச் மாடத்தின் மேல்கோடியில் இருப்பதும்,
இருட்டில் ஏறிப்போய்த்தான் வெளிச்சம் போடவேண்டும் என்பதும்
தனிக் கதை.)

நாங்கள் விழுவதில்லை.
நடுநிசியில் பாடிக்கொண்டே வரும் பத்ரிகூட,
தன் வீட்டுக் கதவு எதுவென்று தெரியாத போதையிலும்,
பத்து முடிந்ததும் காலைக் கொஞ்சம் தூக்கிவைப்பான்.
பிள்ளைகள் எண்ணும்போது
எட்டு, ஒன்பது, பத்து, ஹூப்!
என்றுதான் எண்ணும்.
வருகிறவர்களுக்குச் சொல்லவேண்டும் என்று
எங்களுக்குத் தோன்றியதே இல்லை.
தன் முழங்காலைப் பற்றி
யார் விருந்தாளியை எச்சரிக்கிறார்கள்?

போன பிப்ரவரியில் நுக்ஸாரி இறந்தார்.
எட்டாம் தளம்.
சவப்பெட்டி நுழையும் லிஃப்டை
எவனும் வரைந்திருக்கவில்லை.
ஆறு பேர் தூக்கினார்கள்.
ஐந்து பேர் எங்கள் ஆட்கள்,
ஆறாவது, போத்தியிலிருந்து வந்த மருமகன்.
அந்த இடத்தில் பெட்டியின் மூலை சுவரில் மோதிய சத்தம்
கீழே மரத்தடியில் நின்றவர்களுக்கும் கேட்டது.
கண்ணை எங்கே, என்று யாரோ ஆரம்பிக்க,
ஸாயிரா, புருஷன் பெட்டிக்குப் பின்னால் நின்றவள்,
"அவனை விடுங்கள்" என்றாள்.
"படிதான் தப்பு."
நாற்பது வருஷத்தில்
அந்த வாக்கியத்தை அப்போதுதான் கேட்டோம்.

தொப்பியில் பணம் சேர்ந்தது.
கொத்தனார் அன்ஸோர் வந்தார்.
ஒரே படியைச் செதுக்குவார் என்று நினைத்தேன்.
இல்லை. அந்த இரண்டு செண்டிமீட்டரை
பதினொரு படிகளுக்கும் பங்குபோட்டார்.
முதல் படிக்குக் கம்பளித் துணிக் கனம் பூச்சு,
அடுத்ததற்கு அதன் இரட்டிப்பு,
பத்தாவதுக்கு ஒரு விரல்.
நல்ல தையல்காரி சுருக்கை மறைப்பதும்
இப்படித்தான்.
ஈரம் காயும்வரை பலகைமேல் நடந்தோம்.

பலகையை எடுத்த அன்றிரவு
பத்ரி பாட்டு பாதியில் நின்றது.
மறுநாள் காலை பள்ளிப் பிள்ளைகள் இருவர்.
மத்தியானம் நான்,
கை நிறையத் திரைச்சீலைத் துணியோடு,
இல்லாத உயரத்துக்குக் காலைத் தூக்கி
இல்லாத இடத்தை மிதித்து
முழங்கால் குலுங்கி, சுவரைப் பிடித்தேன்.
பெட்டி மோதிய பள்ளத்தில்
என் விரல்கள் சரியாகப் பொருந்தின.

பின்னால் யாரோ தடதடவென்று ஏறிவந்தார்கள்.
புது மின்கணக்குப் பையன்.
பத்து, பதினொன்று, நின்றே விட்டான்,
எந்தப் படியையும் கவனிக்காமல்.

கண்ணை எங்கே வைத்து நடக்கிறீர்கள் அம்மா, என்றான்.

மன்னித்துக்கொள் தம்பி, என்றேன்.